செகண்ட் ஹேண்ட் ஜாஸ் பேஸ்: பிக்கப்பை மாற்றும் முன் நெக்கைப் பாருங்கள்

கேள்வியின் சாரம் இது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய நான்கு கம்பி ஜாஸ் வகை பேஸ் கிட்டார். கம்பிகள் ஃப்ரெட்போர்டை (கழுத்தான நெக்கின் மேல், ஃப்ரெட் எனும் உலோகக் குறுக்குப் பட்டைகள் பதித்த விரல் பலகையை) விட்டு எட்டத்தில் நிற்கின்றன. அழுத்தினால் விரல் வலிக்கிறது. அவ்வளவு உயரம் இருந்தும் தடித்த ஈ, ஏ (E, A) கம்பிகள் முதல் ஐந்து ஃப்ரெட்டுகளுக்குள் கரகரக்கின்றன. 12ஆம் ஃப்ரெட்டைத் தாண்டினால் சுருதி விலகுகிறது. ஆம்ப்பில் ஓயாத ஹம் (ரீங்கார இரைச்சல்). வீட்டில் ரெக்கார்ட் செய்தால் பேஸ் மெலிந்து கேட்கிறது. கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது; நல்ல பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்) போடுவதா, இதை விற்றுவிட்டு ஐந்து கம்பி பேஸ் வாங்குவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். புதிய ஸ்ட்ரிங் செட் ஒன்று, ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு) ஒன்று, அரை மி.மீ. கோடு போட்ட எஃகு ஸ்கேல் ஒன்று, எல்-கீ செட் ஒன்று வாங்குங்கள். ஃபீலர் கேஜ் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். நீங்கள் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை இவற்றாலேயே சரியாகும். ஆகாதது எது என்று தெரிந்த பிறகுதான் பிக்கப்புக்கோ புது பேஸுக்கோ பணம் போடுவதில் அர்த்தம் உண்டு.

உங்கள் கேள்வியிலேயே நோயின் பெயர் இருக்கிறது. கம்பி உயரமாக இருந்தும் முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் கரகரப்பு என்றால், நெக் தேவைக்கு மேல் நேராக இருக்கிறது, அல்லது பின்பக்கமாக வளைந்திருக்கிறது. அதிரும் கம்பி நடுவில்தான் அகலமாக ஆடும். அந்த ஆட்டத்துக்கு இடம் விட நெக் மிக லேசாக முன்பக்கம் குழிந்திருக்க வேண்டும். இந்தக் குழிவைத்தான் ரிலீஃப் என்பார்கள். அது இல்லாவிட்டால் கம்பி முன்னால் இருக்கும் ஃப்ரெட்டுகளில் மோதும். முந்தைய உரிமையாளர் மெல்லிய கம்பிகளைப் போட்டிருக்கலாம், அல்லது நெக்குக்குள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் டிரஸ் ராடு எனும் எஃகுத் தண்டை இறுக்கிவிட்டிருக்கலாம். கரகரப்பு வந்ததும் அதைத் தப்பிக்க உடலில் கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜில், கம்பியைத் தாங்கும் சேடில்களை ஏற்றியிருப்பார். சேடிலை ஏற்றினால் மேல் ஃப்ரெட்டுகளில்தான் இடைவெளி கூடும், நட் (நெக்கின் தலை முனையில் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை) பக்கம் அதிகம் மாறாது. அதனால்தான் உயரமும் கரகரப்பும் ஒரே பேஸில் சேர்ந்து நிற்கின்றன.

இதற்கு நேர்மாறான அறிகுறிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும் கரகரத்தால் சேடில் தாழ்ந்திருக்கும், அல்லது ரிலீஃப் அதிகமாக இருக்கும், அல்லது நெக் உடலோடு சேரும் இடத்தில் ஃப்ரெட்போர்டு மேல்நோக்கி எழும்பியிருக்கும். அழுத்தாமல் திறந்து வாசிக்கும்போது மட்டும் கரகரத்தால் நட் பள்ளம் ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால், அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது.

வேலையைத் தொடங்கும் முன் இந்த நெக் காப்பாற்றத் தகுந்ததா என்று பார்த்துவிடுங்கள். வாங்கப் போகிறவர்களும் கடையிலேயே இதைச் செய்யலாம். உடல் பக்கத்தைக் கண்ணருகே வைத்து, பிரிட்ஜ் முனையிலிருந்து நெக் நெடுக நோக்குங்கள். ஃப்ரெட்டுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையான கோடுகளாகத் தெரிய வேண்டும். நட் பக்கம் போகப் போக அவை ஒரு பக்கம் சாய்ந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. டிரஸ் ராடு அதைச் சரிசெய்யாது. அந்தப் பேஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவது நல்லது. அடுத்து டிரஸ் ராடின் திருகு நட்டில் (கம்பி உட்காரும் நட் அல்ல) எல்-கீ முழுதாகப் பொருந்துகிறதா, அறுகோணம் தேய்ந்து வட்டமாகியிருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் செலவு பெரிது. ஃப்ரெட்டுகளில் கம்பி உட்காரும் இடத்தில் ஆழமான பள்ளங்கள் இருந்தால் ஃப்ரெட் லெவலிங் (ஃப்ரெட்டுகளைச் சமமாகத் தேய்ப்பது) தேவைப்படும். அதைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். டியூனிங் கீ ஆடுவது, வால்யூமைத் திருகினால் கரகரப்பது, ஜாக் தளர்ந்திருப்பது ஆகியவை விலையைக் குறைத்துக் கேட்கக் காரணங்கள். வாங்காமல் விடக் காரணங்கள் அல்ல.

இனி வேலை. முதலில் கம்பி, ஏனென்றால் மற்ற எல்லா அளவும் அதைப் பொறுத்தது. 34 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து சேடில் வரை கம்பியின் நீளம்) பேஸுக்கு 45, 65, 85, 105 செட் (பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) நல்ல தொடக்கம். 45 முதல் 100 வரையிலான செட்டும் சரிதான், கொஞ்சம் இளக்கமாக இருக்கும். வழக்கமான சுருதியில் நான்கு கம்பியும் சேர்ந்து நெக்கை ஏறத்தாழ 75 முதல் 85 கிலோ வரை இழுக்கின்றன. பருமனை மாற்றினால் இந்த இழுவை மாறும், நெக்கும் மாறும். செட்டப் செய்துவிட்டு வேறு பருமனுக்குப் போனால் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டிவரும்.

நிக்கல் சுற்றிய ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது) எல்லா இசைக்கும் பொருந்தும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் பளிச்சென்று கேட்கும், ஃப்ரெட்டையும் விரலையும் சற்று வேகமாகத் தேய்க்கும். ஃப்ளாட்வவுண்ட் (தட்டைப் பட்டை சுற்றியது) வழவழப்பானது, ஒலி மந்தமாகவும் கனமாகவும் வரும், நெடுங்காலம் உழைக்கும். அமெரிக்க மோடவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் பிரிசிஷன் பேஸில் கனமான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளைத்தான் வைத்திருந்தார். கடலோர ஊரில் இருந்து, கையும் அதிகம் வியர்க்கும் என்றால் கோட்டிங் உள்ள கம்பிக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் அல்ல. சாதாரணக் கம்பி என்றால் வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடையுங்கள். வியர்வை உப்பு கம்பியை மட்டும் அல்ல, சேடில் திருகுகளையும் தின்னும்.

கம்பி கட்டுவதில் அடிக்கடி நடக்கும் பிழை, நீளத்தைக் கண்ணளவில் வெட்டுவது. கம்பியை இழுத்துப் பிடித்து, அதற்குரிய டியூனிங் போஸ்டைத் தாண்டி 10 முதல் 12 செ.மீ. விட்டு, வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் 90 டிகிரி மடக்குங்கள், பிறகு வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் சில கம்பிகளில் வெளிச்சுற்று நழுவித் தளர்ந்து, புதுக் கம்பியே செத்த ஒலி கொடுக்கும். முனையைப் போஸ்டின் நடுத்துளைக்குள் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வரும்படி முறுக்குங்கள். சுற்று கீழே இறங்கினால்தான் நட்டில் கம்பி அழுத்தமாக உட்காரும். நூல் சுற்றிய பகுதி நட்டின் மேல் வந்துவிடக்கூடாது. சுருதிக்கு வந்ததும் சேடிலுக்கு முன்னாலும் நட்டுக்கு முன்னாலும் கட்டைவிரலால் கம்பியை ஒருமுறை மெதுவாக அழுத்திவிடுங்கள். புதுக் கம்பி அந்த இடத்தில் வில்லாக வளைந்து நிற்கும். அதை நிமிர்த்தாவிட்டால் ஒலியும் மங்கும், இன்டொனேஷனும் (நெக் நெடுக ஸ்வரங்கள் சுருதியில் நிற்பது) பொய் சொல்லும்.

கம்பியைக் கழற்றியிருக்கும் நேரத்தில் ஃப்ரெட்போர்டைத் துடையுங்கள். ரோஸ்வுட், இந்தியன் லாரல் போன்ற பூச்சில்லாத மரத்துக்குக் கிட்டார் கடையில் கிடைக்கும் ஃப்ரெட்போர்டு எண்ணெய் நாலைந்து சொட்டு போதும். தடவி ஐந்து நிமிடத்தில் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது மரத்துக்குள் இருந்து நாளடைவில் சிக்குப் பிடிக்கும், தூசி ஒட்டும். வார்னிஷ் பூசிய மேப்பிள் ஃப்ரெட்போர்டுக்கு எண்ணெயே தேவையில்லை, ஈரத்துணி போதும். ஃப்ரெட்டைப் பளபளப்பாக்க ஸ்டீல் வுல் பயன்படுத்தினால் முதலில் பிக்கப்புகளை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். காந்தத்தில் ஒட்டிய இரும்புத் துகளை முழுதாக எடுப்பது மிகக் கடினம்.

அடுத்தது ரிலீஃப். பேஸை வாசிக்கும் நிலையில் மடியில் வைத்து, சரியான சுருதியில் இருக்கும்போது அளக்க வேண்டும். மேசையில் படுக்கப்போட்டால் நெக்கின் எடை அளவைக் கெடுக்கும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுக்கொண்டு, நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஈ கம்பியை அழுத்துங்கள். இப்போது கம்பியே நேரான அளவுகோலாகிவிடுகிறது. 8ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவில் ஃபீலர் கேஜை நுழையுங்கள். 0.30 முதல் 0.35 மி.மீ. தகடு கம்பியைத் தூக்காமல், உரசி நுழைய வேண்டும். உங்கள் பேஸில் அநேகமாக இடைவெளியே இருக்காது.

இடைவெளி இல்லாவிட்டால் ராடைத் தளர்த்த வேண்டும். ராடின் நட்டை நேருக்கு நேர் பார்த்தபடி கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசை. ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று, அதிகம் போனால் கால் சுற்று. மறுபடி சுருதி சேர்த்து மறுபடி அளங்கள். மரம் உடனே முழுதாக அசையாது. ராத்திரி விட்டுவிட்டு காலையில் அளந்தால் வேறு எண் வரலாம். அதனால் ஒரே உட்காரலில் முடிக்க நினைக்காதீர்கள். இடைவெளி அதிகமாகி இறுக்க வேண்டி வந்தால், முதலில் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு இறுக்குங்கள். ராடுக்கு அது சுகம். கை பலத்தோடு போராட வேண்டிய நிலை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ராடு ஒடிவது அபூர்வம் அல்ல. ஒடிந்தால் பல பேஸ்களில் புது நெக் வாங்குவதுதான் மிச்சம்.

ராடை முழுதாகத் தளர்த்தியும் நெக் பின்பக்கமே வளைந்திருந்தால், இரண்டு பக்கமும் தள்ளும் ராடா என்று பாருங்கள். தளர்ந்து சும்மா சுற்றிய பிறகு அதே திசையில் மறுபடி பிடிப்பு கிடைத்தால் அது அந்த வகை. அது நெக்கை முன்பக்கமாகத் தள்ளும். இல்லையென்றால் இன்னும் கனமான கம்பி போடுவதே அடுத்த முயற்சி. சில பழைய பாணி நெக்குகளில் ராடு நட் உடல் பக்கத்தில், பிக்கார்டுக்கு அடியில் இருக்கும். ஒவ்வொரு முறையும் கம்பியைத் தளர்த்தி நெக்கைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு மரத்திருகையும் முதலில் எதிர்த்திசையில் திருகி, பழைய புரியில் ‘டக்’ என்று இறங்கியதும் இறுக்குங்கள். நேராக முறுக்கினால் புதுப் புரி வெட்டி, மரத்துளை சீக்கிரம் தளர்ந்துவிடும்.

மழைக்காலத்திலும், ஏசி அறைக்கு மாறும்போதும் நெக் அசையும். எந்தப் பக்கம் அசையும் என்று யூகிப்பதைவிட, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அளந்துவிடுவது நல்லது. ஏசியிலேயே கிடக்கும் பேஸில் மரம் சுருங்கி ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். அது ஃப்ரெட் குறை அல்ல, வறட்சி.

நட் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திறந்த கம்பிக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் சுமார் 0.5 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிட அதிகம் என்றால் முதல் மூன்று ஃப்ரெட்டில் அழுத்தக் கடினமாகவும் சுருதி ஏறியும் கேட்கும். பள்ளத்தை ஆழப்படுத்தக் கம்பிப் பருமனுக்கேற்ற அரம் தேவை. கத்தியாலோ சாதாரண அரத்தாலோ கை வைக்காதீர்கள், ஒருமுறை ஆழம் கூடினால் திரும்பாது. ஏற்கெனவே ஆழமாகிவிட்ட பள்ளத்தில் சமையல் சோடாத் தூளைப் போட்டு ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் கல்லாக இறுகும். பிறகு சரியான உயரத்துக்கு அரம் போடலாம். தற்காலிக வைத்தியம்தான், ஆனால் பல மாதம் தாங்கும்.

ரிலீஃப் சரியான பிறகுதான் சேடில் உயரம். இந்த வரிசையை மாற்றினால் வட்டமடித்துக்கொண்டே இருப்பீர்கள். 17ஆம் ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடி வரை ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. என்று தொடங்குங்கள். 9.5 அங்குல ரேடியஸ் (குறுக்கு வளைவின் ஆரம்) ஃப்ரெட்போர்டுக்கு, ஜாஸ் பேஸைச் செய்யும் ஃபெண்டர் நிறுவனம் பரிந்துரைக்கும் அளவும் இதுவே. 7.25 அங்குலம் என்றால் இரண்டையும் அரை மி.மீ. போலக் கூட்டுங்கள். ஏ, டி கம்பிகளை இரண்டுக்கும் நடுவே, ஃப்ரெட்போர்டின் வளைவை ஒட்டி நிறுத்துங்கள். சேடிலின் இரண்டு திருகையும் சமமாகத் திருப்பி, சேடில் மட்டமாக நிற்கும்படி பாருங்கள். சாய்ந்தால் கம்பி பக்கவாட்டில் நழுவும். இந்தத் திருகுகளுக்குப் பெரும்பாலும் 1.5 மி.மீ. எல்-கீ. துருப்பிடித்திருந்தால் ஒரு ஊசி முனையில் துரு நீக்கி எண்ணெய் ஒரு சொட்டு வைத்து அரை மணி காத்திருங்கள். ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், பிக்கப்பில் தெறிக்கும்.

இந்த உயரத்தில் ஆம்ப் இல்லாமல் லேசாகக் கரகரப்பு கேட்பது இயல்பு. ஆம்ப் வழியே கேட்கிறதா என்பதே கணக்கு. பலமாக வாசிப்பவர் 2.4ஐ 2.8 ஆக்கிக்கொள்வதில் வெட்கமே இல்லை. ‘லோ ஆக்‌ஷன்’ என்பதைத் தரத்தின் அடையாளமாக நினைத்துக் கம்பியைத் தரையோடு தரையாக இறக்குகிறார்கள்; பிறகு ஒலியில் கனம் இல்லை என்று பிக்கப் தேடுகிறார்கள். அதிரவே இடமில்லாத கம்பியிலிருந்து எந்தப் பிக்கப்பும் கனத்தை எடுத்துக் கொடுக்காது.

சேடிலை அடிமட்டம் வரை இறக்கியும் கம்பி உயரமாக இருந்தால் நெக்கின் கோணம் தவறு. நெக் உட்காரும் பள்ளத்தில், பிரிட்ஜ் பக்க முனையில், சுமார் 0.5 மி.மீ. தடிப்பில் ஒரு ஷிம் (ஆப்புத் துண்டு) வைத்தால் ஹெட்ஸ்டாக் (டியூனிங் கீ இருக்கும் தலை) பின்னால் சாய்ந்து கம்பி இறங்கும். விசிட்டிங் கார்டுத் துண்டு சோதனைக்குச் சரி. நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்த முழுநீள மர ஷிம் வைப்பதே நல்லது. துண்டு ஷிம் நடுவில் காலியிடம் விடுவதால் நெக்கின் அடிப்பகுதி வருடங்களில் வளையக்கூடும்.

கடைசியாக இன்டொனேஷன். 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே ஹார்மோனிக் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) எடுத்து டியூனரில் பாருங்கள், பிறகு அதே ஃப்ரெட்டில் இயல்பான அழுத்தத்தில் வாசித்துப் பாருங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சேடில் நெக்கை விட்டு விலகிப் பின்னால் போக வேண்டும். இறங்கியிருந்தால் முன்னால் வர வேண்டும். நகர்த்தும் முன் கம்பியைத் தளர்த்துங்கள். முடிந்ததும் ஜி சேடில் முன்னாலும் ஈ சேடில் கடைசியிலும் படிக்கட்டாக நிற்பது சரியான தோற்றம். பழைய கம்பியில் இதைச் செய்யாதீர்கள். அழுக்கேறிய கம்பியின் எடை நீளம் முழுக்க ஒரே சீராக இருக்காது.

இவ்வளவும் செய்த பிறகு ஜி கம்பியில் 5 முதல் 7ஆம் ஃப்ரெட்டுக்குள் ஒரு ஸ்வரம் மட்டும் சீக்கிரம் அடங்கினால் பதற வேண்டாம். அது டெட் ஸ்பாட். நெக் தானே அதிரும் வேகமும் அந்த ஸ்வரமும் ஒன்றிப்போவதால், கம்பியின் ஆற்றலை நெக் உறிஞ்சிவிடுகிறது. திருகி நெக்கை இணைக்கும் பேஸ்களில், விலை உயர்ந்தவற்றிலும், இது உண்டு. ஹெட்ஸ்டாக்கில் சிறு எடையைக் கவ்வவிட்டால் இடம் மாறும், ஒழியாது.

ஹம் பற்றி இப்போது பார்ப்போம். 1960இல் வந்த ஜாஸ் பேஸின் வடிவமைப்பிலேயே இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புகள் உண்டு. பெரும்பாலான மாடல்களில் காயில் சுற்றிய திசையும் காந்தத் துருவமும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக இருப்பதால், இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருந்தால் ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்றைக் குறைத்தால் ஹம் திரும்பும். உங்கள் பேஸ் இப்படி நடந்துகொண்டால் அது ஆரோக்கியமாகவே இருக்கிறது. இரண்டும் முழுதாக இருக்கும்போது ஒலி மெலிந்து, அடிப்பகுதியே காணாமல் போனால், யாரோ ஒரு பிக்கப்பை மாற்றி ஒயரைத் தலைகீழாகப் பற்றவைத்திருக்கிறார்கள். உங்கள் ரெக்கார்டிங் மெலிவுக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் சரியாகும்.

கம்பியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் ஹம் குறைந்தால் பிரிட்ஜின் கிரவுண்ட் ஒயர் சரியாக இருக்கிறது. உள்ளே ஷீல்டிங்தான் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) குறைவு. எந்த மாற்றமும் இல்லை என்றால் பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் போகும் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது தொடவில்லை. தொட்டதும் ஹம் கூடினால் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. ஷீல்டிங்குக்கு ஒட்டும் காப்பர் ஃபாயில் போதும். உடலில் பிக்கப்பும் வால்யூம் திருகுகளும் உட்காரும் பள்ளங்களின் சுவர் முழுக்க ஒட்டி, துண்டுக்குத் துண்டு தொடர்ச்சி இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்து, ஒரு ஒயரால் கிரவுண்டில் சேருங்கள். ஜாக்கின் சிக்னல் நாக்கு ஃபாயிலைத் தொட்டால் ஒலியே வராது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

மல்டிமீட்டர் கையில் இருக்கும்போதே ஒவ்வொரு பிக்கப்பின் மின்தடையையும் அளந்துவிடுங்கள். ஜாஸ் பிக்கப்பில் 7 முதல் 8 கிலோ ஓம் அளவில் வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. கரகரக்கும் வால்யூமுக்குள் காண்டாக்ட் கிளீனர் சற்று அடித்து இருபது தடவை திருகினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் 250 கிலோ ஓம் பாட் (வால்யூம் திருகின் உள்பாகம்) ஒன்று புதிதாகப் போடுவது மலிவு.

பேஸுக்கு வெளியே இருந்து வரும் ஹம் இன்னொரு கதை. பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்பின் உடலோடு இணைந்தவை. எர்த் இல்லாத இடத்தில் ஆம்ப்பில் கசிவு இருந்தால் அது உங்கள் விரலுக்கு வரும். கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றால் உடனே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஹம்மைக் குறைக்க எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்லும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது. ஃபேன் ரெகுலேட்டர், மங்கலாக்கும் எல்ஈடி விளக்கு, லேப்டாப் சார்ஜர் மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாலே பாதி இரைச்சலின் மூலம் தெரிந்துவிடும்.

பிக்கப் உயரம் காசில்லாத டோன் மாற்றம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தியபடி, பிக்கப் தலைக்கும் கம்பிக்கும் இடையே ஈ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் 2.5 மி.மீ. என்று தொடங்கி, நான்கு கம்பியும் சம பலத்தில் கேட்கும் வரை திருகுங்கள். இன்னும் கிட்டே கொண்டுவந்தால் பலம் கூடும், ஆனால் காந்தம் கம்பியை இழுத்து மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும். இதற்கும் பிறகு ஒலி பிடிக்கவில்லை என்றால், அப்போது பிக்கப் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

ஆம்ப் வாங்குவதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அன்றோடு முடிந்தது. பின்பக்கத் தகட்டைப் படித்துவிட்டு, வேண்டுமென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரோடு போடுங்கள். ஆம்ப் ‘குறைந்தபட்சம் 4 ஓம்’ என்று சொன்னால் 8 ஓம் கேபினெட் இரண்டு வரை இணைக்கலாம், 4 ஓம் என்றால் ஒன்றுதான். சாதாரண கிட்டார் ஆம்ப்பில் பேஸை மெதுவாக வாசிப்பது பரவாயில்லை. சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும். வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு ஆம்ப்பைவிட ஆடியோ இன்டர்ஃபேஸும் (கருவியைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் பெட்டி) நல்ல ஹெட்ஃபோனும் அதிகப் பயன் தரும்.

ரெக்கார்டிங் மெலிவுக்கு முதல் சந்தேகம் இன்புட். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை இஸட்’ என்ற ஸ்விட்ச் போட்டிருக்க வேண்டும். அதன் தடை சுமார் ஒரு மெகா ஓம். லைன் இன்புட்டில் செருகினால் பேஸிவ் (பேட்டரி இல்லாத) பிக்கப்பின் மேல் சுரங்கள் செத்து, பலமும் குறையும். கெயினை, பலமாக வாசிக்கும்போது மீட்டர் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் தொடுமாறு வையுங்கள். 24 பிட்டில் பதிந்தால் அதைவிடச் சத்தமாகப் பதியத் தேவையே இல்லை.

பிறகு கை. பிரிட்ஜ் பக்கத்தில் லேசாகத் தட்டினால் மெலிவுதான் வரும். நெக் பிக்கப்புக்கு மேலேயோ, இரண்டு பிக்கப்புக்கும் நடுவிலோ கம்பியை முழுதாகக் கடந்து வாசியுங்கள். பிரிட்ஜ் பிக்கப் வால்யூமை முக்கால் பங்குக்கு வைத்தால் ஜாஸ் பேஸ் சட்டென்று தடிக்கும்.

மிக்ஸில் ஒரு உண்மை. திறந்த ஈ கம்பியின் அடிப்படை 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கர் அதை எழுப்பவே எழுப்பாது. அதில் நாம் பேஸைக் கேட்பது அதன் மேல் சுரங்களால். ஆகவே மெலிவாகக் கேட்டதும் 60 ஹெர்ட்ஸைத் தூக்குவது பயனற்றது. 30 முதல் 35க்குக் கீழே வெட்டிவிட்டு, 200 முதல் 300க்குள் சேறாகக் கேட்கும் இடத்தைச் சற்றே இறக்கி, 700 முதல் 1000 வரை இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிப் பாருங்கள். டிராக்கை நகலெடுத்து, நகலில் 200க்குக் கீழே வெட்டி லேசான டிஸ்டார்ஷன் சேர்த்து, அசலுக்கு அடியில் கேட்டும் கேட்காமலும் கலந்தால் சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் தென்படும். கம்ப்ரஷன் (சத்தத்தின் ஏற்றத்தாழ்வை அடக்குவது) 4:1, அட்டாக் 20 முதல் 30 மில்லி செகண்ட், ரிலீஸ் 100 அளவு, குறைப்பு 3 முதல் 6 டெசிபல். அட்டாக்கை மிக வேகமாக்கினால் விரல் பட்ட துடிப்பு நசுங்கி, மறுபடி மெலியும்.

வரி அமைப்பதில் காது கொடுத்துக் கேட்க வேண்டியவர் நம்மிடமே இருக்கிறார். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கோர்டின் மூல ஸ்வரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்பதோடு முடிவதில்லை. பாட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாக நடக்கும். அவற்றில் பலவற்றுக்கு வாசித்தவர் சசிதரன். ஒரு பாட்டை எடுத்து, பேஸ் எங்கே மூல ஸ்வரத்தை விட்டு மூன்றாவதுக்கோ ஐந்தாவதுக்கோ போகிறது, எங்கே வேண்டுமென்றே மௌனமாகிறது என்று எழுதிப் பாருங்கள். ஸ்வரத்தைத் தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு கவனமோ, அதை நிறுத்தும் இடத்துக்கும் அவ்வளவு கவனம் தேவை. வாசிக்காத கம்பிகளைக் கட்டைவிரலாலும் இடக்கை விரல்களின் அடியாலும் அமர்த்தப் பழகினால், வீட்டு ரெக்கார்டிங் பாதி சுத்தமாகிவிடும்.

ஐந்து கம்பிக்கு வருவோம். கீழ் பி கம்பி 31 ஹெர்ட்ஸை ஒட்டியது. மேடையில் பாடுபவரின் குரலுக்காகப் பாட்டின் சுருதியை இறக்குகிற குழுவில் டி, ஈ ஃப்ளாட் அடிக்கடி வரும். அங்கே ஐந்தாவது கம்பி உண்மையாகவே உதவும். உங்கள் பாட்டுகள் ஈக்குக் கீழே போவதில்லை என்றால் அகலமான நெக்கும் கூடுதல் எடையும் வீண் சுமை. எப்போதாவது டி வேண்டும் என்றால் ஈ கம்பியை மட்டும் டிக்கு இறக்கிக்கொள்ளலாம். 105 கம்பி அதைத் தாங்கும். அடிக்கடி கீழே போக வேண்டும், ஜி கம்பி அவ்வளவாகத் தேவையில்லை என்றால், ஐந்து கம்பி செட்டின் கீழ் நான்கை மட்டும் இந்தப் பேஸிலேயே போட்டு பி, ஈ, ஏ, டி என்று சுருதி வைக்கலாம். 130 பருமனுக்கு நட் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், ராடையும் இன்டொனேஷனையும் மறுபடி பார்க்க வேண்டும். அகலப்படுத்திய நட்டில் பழைய கம்பி ஆடும் என்பதால், கழற்றிய நட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு இந்தச் சோதனைக்குத் தனி நட் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் இப்படி வாசித்த பிறகும் ஜி கம்பி இல்லாமல் தவிக்கிறீர்கள், பி கம்பியும் விட முடியவில்லை என்றால், ஐந்து கம்பி பேஸ் தேடத் தொடங்கலாம். அப்போதும் கடையில் முதலில் வாசித்துப் பார்க்க வேண்டியது பி கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட். அதே சுருதியில் இருக்கும் திறந்த ஈ கம்பியோடு ஒப்பிட்டால் அது தளர்வாகவும் மங்கலாகவும் கேட்கக்கூடாது.